உயில் எழுதும் மரபும் புணே தாயி மகாராஜ் வழக்கும்

முன்னுரை

ஒருவர் தம் உடைமை தமக்குப்பின் எவரைச் சேரவேண்டும் என்பதைத் தாமே ஒரு தாளில் எழுதிவைத்தால் போதுமா, அல்லது சட்டம் அறிந்தவரைக் கொண்டு எழுதுவிக்க வேண்டுமா என்னும் வினா இந்தியக் குடும்பங்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழுந்து வருகிறது. பெரும்பாலும் இது செலவு பற்றிய வினாவாகவே பேசப்படுகிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தைச் சேமிக்கலாம் என்பர் ஒரு சாரார். அக்கட்டணத்தைப் போலப் பன்மடங்கு பின்னால் நீதிமன்றத்தில் செலவாகும் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் உயிலை ஓர் எழுத்து வேலையாகவே கருதுகின்றனர்.

மராட்டிய நாட்டின் புணே நகரில் 1897ஆம் ஆண்டு எழுதப்பெற்ற ஓர் உயில் இவ்வினாவை வேறு வகையில் நோக்க இடந்தருகிறது. பாபா மகாராஜ் எனப்பட்ட வாசுதேவ ஹரிஹர பண்டிதரின் உயில் அது. அதன் நிறைவேற்றுநர்களுள் முதன்மையானவர் பால கங்காதர திலகர். அவ்வுயிலிலிருந்து கிளைத்த வழக்குகள் 1901இல் தொடங்கி 1915இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றன. திலகரின் வரலாற்றை எழுதியோர் இதனைத் 'தாயி மகாராஜ் வழக்கு' என்னும் பெயரால் குறித்து, ஆட்சியாளர் அவர்மீது கொண்ட பகைக்குச் சான்றாகக் காட்டுவர். அரசியல் வரலாற்றில் இடம்பெற்ற இவ்வழக்கு உயில் மரபின் வரலாற்றிலும் இடம்பெறத்தக்கது. அவ்வழக்கைத் தமிழகம், இலங்கை, பிறநாடு ஆகியவற்றின் சான்றுகளோடு ஒப்புநோக்கி, உயில் எழுதுவதில் சட்டம் அறிந்தோர் துணை எதற்குப் பயன்படுகிறது, எதற்குப் பயன்படுவதில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

'உயில்' என்பது ஆங்கிலச் சொல்லொன்றின் தமிழ் வடிவம். விருப்பம் என்பதே அவ்வாங்கிலச் சொல்லின் பொருள். தமிழில் வழங்கும் மரண சாசனம், இறுதி விருப்பமுறி, விருப்ப ஆவணம் முதலிய பெயர்களுள் முதற்பெயர் இறப்பை முன்னிறுத்துகிறது. கடைப்பெயர் விருப்பத்தை முன்னிறுத்துகிறது. இடைப்பட்டது இரண்டையும் தழுவுகிறது. புணே மக்கள் வழங்கும் மராத்திச் சொல் 'மிருத்யுபத்ர' என்பதாகும். இதுவும் இறப்பின் ஏடு என்றே பொருள்படும்.

இப்பெயர் வேறுபாடு கருதத்தக்கது. விருப்பத்தின் ஆவணம் எனக் கொண்டால் அதனை எழுதுதற்குரிய காலம் விருப்பம் தெளிவாக இருக்கும் காலமாகும். இறப்பின் ஏடு எனக் கொண்டால் அதனை இறப்பு நெருங்கும் வரை தள்ளிவைக்கத் தோன்றும். உயிலைப் பற்றிப் பேசுதலே அமங்கலம் எனக் கருதும் வழக்கம் தமிழகத்திலும் மராட்டியத்திலும் ஒப்பக் காணப்படுவது. பாபா மகாராஜின் உயில் அவ்வழக்கத்தின் விளைவை நன்கு காட்டும்.

தமிழ் ஆவண மரபில் கையெழுத்தும் சாட்சியும்

இறந்தபின் செயற்படும் உயில் என்னும் ஆவண வகை, இன்றுள்ள வடிவில், ஆங்கிலேயர் நீதிமன்றங்களோடு வந்ததாகும். எனினும் எழுதியவர் இல்லாத காலத்தில் எழுத்தை எவ்வாறு நம்புவது என்னும் சிக்கல் தமிழர்க்குப் புதியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் கொடை, விற்பனை ஆகியவற்றைப் பதிவுசெய்தபின் ஆவணத்தை எழுதியவரும் அறிந்தோரும் தத்தம் பெயரைச் சுட்டி 'எழுத்து' எனக் கையொப்பமிடும் முறை பரவலாகக் காணப்படுகிறது.

பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம் இச்சிக்கலை ஒரு வழக்காகவே அமைத்துக் காட்டுகிறது. திருமண நாளில் வந்த முதியவர், நம்பியாரூரர் தமக்கு அடிமை எனக் கூறி ஓலை ஒன்றைக் காட்ட, ஆரூரர் அதனைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலை; மூலவோலை திருவெண்ணெய்நல்லூர் அவையின்முன் காட்டப்பெறுகிறது. அதனை எழுதிக்கொடுத்த பாட்டனார் உயிருடன் இல்லை. ஆதலின் அவையோர் அவருடைய கையெழுத்துள்ள வேறோர் ஓலையை வருவித்து ஒப்பிட்டு நோக்கிய பின்னரே தீர்ப்பளிக்கின்றனர்.

இப்பகுதியில் மூன்று சட்டக் கருத்துகள் அடங்கியுள்ளன. ஒன்று, மூலமும் படியும் வேறெனக் கொள்ளுதல். இரண்டு, சாட்சியிட்டோர் எழுத்தை ஆராய்தல். மூன்று, இறந்தவர் கையெழுத்தை ஐயத்திற்கிடமற்ற பிற ஆவணத்தோடு ஒப்பிடுதல். ஓலையின் மொழிநடை சரியா, சட்டச் சொற்கள் முறையாக உள்ளனவா என்பது அவையோரின் கவலையாக இல்லை. எழுதியவர் இன்னார்தாமா என்பதே அவர்கள் கேட்ட வினா. பிற்காலத்து உயில் வழக்குகளிலும் இவ்வினாவே முதலில் எழுகிறது. எழுதியவர் தாமே எழுதினாலும் பிறரைக்கொண்டு எழுதுவித்தாலும், அவை கூடும் நாளில் அவர் அங்கிருக்கப் போவதில்லை.

1897இல் புணேயின் சட்டநிலை

பாபா மகாராஜ் உயில் எழுதிய காலத்தில் புணே இந்துக்களுக்கு இருந்த சட்டநிலையை முதலில் அறிதல் வேண்டும். 1865ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இந்துக்களுக்குப் பொதுவாகப் பொருந்தவில்லை. 1870ஆம் ஆண்டின் இந்து உயில் சட்டம் உயில் எழுத்தில் அமைதல் வேண்டும், இருவர் சாட்சிக் கையொப்பமிடுதல் வேண்டும் என்னும் விதிகளை இந்துக்களுக்கு விரித்தது. ஆயின் அச்சட்டத்தின் எல்லை வங்காளத்தின் கீழ்மாகாணங்களும் சென்னை, பம்பாய் நகரங்களுமே. புணே அவ்வெல்லைக்கு வெளியே இருந்தது. எனவே 1897இல் புணேயில் வாழ்ந்த ஓர் இந்து வாய்மொழியாகவும் உயில் கூறலாம். எழுதினாலும் சாட்சி கட்டாயமன்று. 1881ஆம் ஆண்டின் புரோபேட் மற்றும் நிர்வாகச் சட்டத்தின்படி, விரும்பினால் நீதிமன்றத்தில் உயிலின் மெய்ச்சான்றாகிய புரோபேட் பெற்றுக்கொள்ளலாம்.

சட்டத் தொழிலின் அமைப்பும் இருவேறாக இருந்தது. பம்பாயில் உயர்நீதிமன்றத்தை ஒட்டி 'சொலிசிட்டர்' எனப்பட்ட ஆவண வல்லுநர் இருந்தனர். புணே போன்ற உள்நாட்டு நகரங்களில் வக்கீல்களும் கணக்கர்களும் எழுத்தர்களுமே ஆவணம் எழுதினர். சட்டம் தெரிந்த நண்பர் ஒருவரை அழைத்து எழுதுவித்தலும் இயல்பான வழக்கமே. திலகர் 1879இல் சட்டப் பட்டம் பெற்றவர்; புணேயில் சட்ட வகுப்பு நடத்தியவர். நிறைவேற்றுநராக அமைந்த மற்றொருவராகிய கணேச ஸ்ரீகிருஷ்ண கபர்டே அமராவதியில் புகழ்பெற்ற வழக்கறிஞர். ஆகவே பாபா மகாராஜின் உயிலைச் சட்டம் அறியாதார் தனித்து எழுதிய உயில் எனக் கூறுதல் இயலாது. வடிவ விதிகள் குறைவாகவும் சட்டம் அறிந்த துணை நிறைவாகவும் இருந்த நிலையில் பிறந்த ஆவணம் அது. அங்ஙனமிருந்தும் அது பதினான்கு ஆண்டு வழக்குக்கு வித்தாயிற்று என்பதே ஆராயத்தக்க செய்தி.

பாபா மகாராஜின் உயில்

1897ஆம் ஆண்டு புணே வரலாற்றில் கொடிய ஆண்டு. கொள்ளைநோய் நகரை வருத்தியது. நோய்த் தடுப்பு அதிகாரி ராண்டு ஜூன் 22 இரவு சுடப்பட்டார். திலகர் ஜூலை 27இல் அரசத் துரோகக் குற்றச்சாட்டில் கைதாகி, ஆகஸ்ட் 4இல் நீதிபதி பத்ருதீன் தியாப்ஜியின் ஆணையால் பிணையில் வெளிவந்தார். அவர் புணே திரும்பியபோது அவருடைய நண்பரும் செல்வாக்குள்ள சர்தாருமாகிய பாபா மகாராஜ் வாந்திபேதி நோயால் இறக்கும் நிலையில் இருந்தார். ஆகஸ்ட் 7இல் உயில் எழுதப்பெற்றது. அன்றே அவர் இறந்தார்.

உயிலின் மையச் செய்தி எளியது. மனைவி கருவுற்றிருக்கிறார், அவருக்கு மகன் பிறவாவிடினும், பிறந்து நெடுநாள் வாழாவிடினும், குடிப்பெயர் நிலைக்க நிறைவேற்றுநர்களின் இசைவோடு ஒரு சிறுவனைச் சாத்திர முறைப்படி மனைவியின் மடியில் இருத்தித் தத்தெடுக்க வேண்டும், தேவைப்படும்போதெல்லாம் அவ்வாறு செய்யலாம், அம்மகன் உரிய வயதடையும் வரை நிறைவேற்றுநர்கள் சொத்தை ஆளவேண்டும் என்பது அதன் கருத்து. திலகர், கபர்டே, கும்போஜ்கர், நாகபுர்கர் முதலியோர் பொறுப்பேற்றனர்.

1898 தொடக்கத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்து சில திங்களில் இறந்தது. அப்போது திலகர் சிறையில் இருந்தார். 1897 செப்டம்பரில் தண்டனை பெற்ற அவர் 1898 செப்டம்பரில்தான் விடுதலையானார். உயில் கூறிய இரண்டாம் நிலை இவ்வாறு விரைந்து வந்தெய்தியது. தத்துக் கொள்ளவேண்டியவர் தாயி மகாராஜ் எனப்பட்ட அந்த இளம் கைம்பெண். இசைவு தரவேண்டியவர்கள் நிறைவேற்றுநர்கள். இருவரும் ஒரே சிறுவனை விரும்பும் வரை உயிலின் தொடர் தெளிவானதே. இருவர் விருப்பமும் பிரிந்தால் எவர் விருப்பம் மேலோங்கும் என்பதற்கு அதில் விடை இல்லை.

ஒரு தொடர், இரு நாடு

இத்தொடரின் பொருளை ஆராய்கையில் தமிழகத்தின் வழக்கொன்றை நினைவுகூர்தல் பயன்தரும். இராமநாதபுரம் சேதுபதி மரபின் உரிமை பற்றிய வழக்கில் 1868இல் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பு, திராவிட நாட்டில் கைம்பெண் தத்தெடுக்கக் கணவன் தந்த அதிகாரம் வேண்டும். அஃது இல்லையெனில் கணவனின் உறவினர் இசைவு வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. மராட்டிய நாட்டு நெறி வேறு. அங்கே கூட்டுக்குடும்பத்திலிருந்து பிரிந்து வாழ்ந்த கணவனின் கைம்பெண், அவன் தடைவிதிக்காதபோது, வெளிப்படையான அதிகாரம் இன்றியும் தத்தெடுக்கலாம் என அக்காலப் பம்பாய் நீதிமன்றங்கள் ஏற்றிருந்தன.

எனவே 'நிறைவேற்றுநர் இசைவோடு தத்தெடுக்க' என்னும் அதே தொடர் இராமநாதபுரத்தில் எழுதப்பட்டிருந்தால் இல்லாத உரிமையொன்றை மனைவிக்குக் கொடுத்திருக்கும். புணேயில் எழுதப்பட்டமையால் வழக்காற்றில் அவர்க்கு இருந்த உரிமைக்கு எல்லை வகுப்பதாகவும் அது நோக்கத்தக்கது. சொற்கள் மாறவில்லை, அவை விழுந்த நிலம் மாறியது.

சட்டம் அறிந்தவரின் துணை எங்குப் பயன்படும் என்பது இதனால் விளங்கும். அழகிய நடையோ அரிய கலைச்சொற்களோ அவர் தரும் பயன் ஆகா. உயில் இல்லாவிட்டால் என்ன நிகழும், இத்தொடர் அதனை எவ்வாறு மாற்றும், அம்மாற்றத்தால் எவர் உரிமை குறையும், குறைந்தவர் என் செய்வார் என்னும் வினாக்களை எழுப்புதலே அவர் தரத்தக்க பயன். அதற்கு அவகாசம் வேண்டும். ஆகஸ்ட் 7 அன்று அந்த அவகாசம் எவர்க்கும் இருக்கவில்லை.

வழக்கின் போக்கு

1901 ஜூனில் திலகரும் கபர்டேயும் தாயி மகாராஜுடன் அன்றைய ஐதராபாத் நிசாம் ஆட்சிக்கு உட்பட்ட ஔரங்காபாத் சென்றனர். அங்கே ஜகந்நாதர் என்னும் சிறுவன் தத்தெடுக்கப்பட்டதாக அவர்கள் கூறினர். புணே திரும்பியபின் தாயி மகாராஜ் அதனை மறுத்தார். ஜூலையில் புரோபேட்டை நீக்குமாறு விண்ணப்பித்தார். ஆகஸ்டில் கோலாப்பூரைச் சார்ந்த மற்றொரு சிறுவனைத் தத்தெடுத்தார்.

மாவட்ட நீதிபதி ஆஸ்டன் 1902 ஏப்ரலில் புரோபேட்டை நீக்கியதோடு அமையாது, திலகர்மீது பொய்ச்சான்று முதலிய குற்றங்களுக்கு நடவடிக்கை எடுக்கவும் அனுப்பினார். புரோபேட் பற்றிய ஆணையை அவ்வாண்டே உயர்நீதிமன்றம் மாற்றியது. குற்ற வழக்கோ தொடர்ந்தது. ஔரங்காபாதில் சிறுவன் உண்மையில் மடியில் இருத்தப்பட்டானா என்பதே வினா. 1903 ஆகஸ்டில் நடுவர் கிளெமென்ட்ஸ் திலகர்க்கு 18 மாதக் கடுங்காவல் விதித்தார். 1904 ஜனவரியில் அமர்வு நீதிபதி லூகாஸ் அதனை 6 மாதமாகக் குறைத்தார். அவ்வாண்டு மார்ச்சில் தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ், நீதிபதி பேட்டி ஆகியோர் அமர்ந்த பம்பாய் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது.

உரிமையியல் வழக்கு இதனினும் நீண்டது. 1906இல் புணே சார்பு நீதிமன்றம் ஔரங்காபாத் தத்து உண்மையே எனக் கண்டது. 1910இல் உயர்நீதிமன்றம் அதனை மாற்றியது. அப்போது திலகர் மாந்தலேயில் சிறையிருந்தார். 1915 மார்ச்சில் பிரிவி கவுன்சில் உயர்நீதிமன்றத் தீர்ப்பை நீக்கிச் சார்பு நீதிமன்ற முடிவை மீட்டது.

அத்தீர்ப்பு சான்று பற்றிய ஒரு நெறிக்காக இன்றும் எடுத்தாளப்படுகிறது. சாட்சி ஒருவரின் முந்தைய எழுத்துக் கூற்றைக் கொண்டு அவரைப் பொய்யராக்க விரும்பினால், அக்கூற்றை அவரிடமே காட்டி விளக்கம் கூற வாய்ப்பளித்தல் வேண்டும் என்பது அந்நெறி. 1872ஆம் ஆண்டின் சான்றுச் சட்டம் 145ஆம் பிரிவில் இதனைக் கூறியிருந்தது. இந்நெறி உயிருள்ள சாட்சிக்கே பயன்படுவது. உயில் எழுதிய பாபா மகாராஜிடம் அத்தொடரைக் காட்டி விளக்கம் கேட்க வழியில்லை. தாயி மகாராஜும் 1903இல் மறைந்தார். தத்தின் உண்மை பற்றி இறுதி முடிவு வந்தபோது அவர் இறந்து ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. திலகரின் நேர்மை இலண்டனில் நிலைநாட்டப்பெற்றது என அவர் வரலாறு மகிழ்வோடு முடியும். தம் மடியில் அமரவேண்டிய மகன் யார் என்பதில் தம் சொல்லுக்கு எவ்வளவு இடம் உண்டு என்று கேட்ட இளம் பெண்ணின் வினாவுக்கு உயிலிலேயே விடை எழுதப்பட்டிருந்தால் இருவர்க்கும் இத்துன்பம் நேர்ந்திராது.

தாமே எழுதியோர்: இரு சான்றுகள்

புணே உயிலோடு அதே காலத்து ஐரோப்பிய உயிலொன்றை ஒப்பிடலாம். ஆல்பிரட் நோபல் 1895 நவம்பர் 27இல் பாரிசில் தம் இறுதி உயிலில் கையொப்பமிட்டார். வழக்கறிஞர் துணையின்றித் தம் கைப்பட எழுதிய உயில் அது, நால்வர் சாட்சியிட்டனர். 1896 டிசம்பர் 10இல் அவர் இறந்தார். ஏறத்தாழ 3.1 கோடி சுவீடிஷ் குரோனர் மதிப்புள்ள செல்வத்தைப் பரிசுகளுக்கு ஒதுக்கிய அவ்வுயில், அச்செல்வத்தைப் பெற்று ஆளும் நிறுவனம் எது என்பதைக் கூறவில்லை. பரிசு வழங்குமாறு பெயர் குறிக்கப்பட்ட கழகங்களின் இசைவும் முன்னதாகப் பெறப்படவில்லை. உறவினர் எதிர்த்தனர், நிறைவேற்றுநராகிய இளைஞர் ரக்னார் சூல்மன் பெரிதும் உழைத்தார். 1900இல்தான் அறக்கட்டளையின் விதிகள் உறுதிபெற்றன.

தமிழகத்தில் பச்சையப்ப முதலியாரின் உயில் முற்பட்ட சான்று. 1794 மார்ச்சில் எழுதப்பட்ட அவ்வுயில் கோயிற்பணிகளுக்கும் அறங்களுக்கும் பெருஞ்செல்வத்தை ஒதுக்கியது. அவர் அம்மாதமே மறைந்தார். நிறைவேற்றுநர்களின் மாற்றமும் உறவினர் பிணக்கும் அறத்தை நெடுங்காலம் முடக்கின. பின்னர்ச் சென்னை அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்டனின் முயற்சியாலும் நீதிமன்ற மேற்பார்வையாலும் அப்பணம் மீட்கப்பட்டு, 1842இல் பள்ளி தொடங்கப்பெற்றது. பிற்காலத்துப் பச்சையப்பன் கல்லூரி அதன் வளர்ச்சியே.

இம்மூன்றையும் ஒருங்குநோக்கின் ஓர் உண்மை புலனாகிறது. நோபலின் உயில் தனித்து எழுதப்பட்டது. பாபா மகாராஜின் உயில் சட்டம் அறிந்தவர் சூழ்நிலையில் எழுந்தது. பச்சையப்பரின் உயில் இறப்பின் அண்மையில் எழுதப்பட்டது. மூன்றிலும் விருப்பம் தெளிவாகவே இருந்தது. இடர்ப்பாடு அவ்விருப்பத்தைச் செயற்படுத்துவோரைப் பற்றியதாகவே அமைந்தது. நோபல் உயிலுக்கு இருந்த வலிமை, உடல்நலம் தளர்ந்திருப்பினும் ஓராண்டுக்கு முன்பே சாட்சிகளோடு எழுதப்பட்டமை. அதன் குறை, பெறுவோரைக் கலந்து கேளாமை.

இலங்கைச் சட்டத்தின் அளவுகோல்

தாமே எழுதுதல், வல்லுநரைக் கொண்டு எழுதுதல் என்னும் இரண்டையும் சட்டமே எடைபோட்டுக் காட்டிய இடம் இலங்கை. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் உயிலுக்கு இரு வழிகளை வகுத்தது. நொத்தாரிசு முன்னிலையில் எழுதினால் இரு சாட்சிகள் போதும். நொத்தாரிசு இன்றி எழுதினால் ஒருங்கே கூடிய ஐந்து சாட்சிகள் வேண்டும். யாழ்ப்பாணத் தமிழர் உள்ளிட்ட இலங்கை மக்கள் அறிந்திருந்த முறை இது.

இக்கணக்கின்படி நொத்தாரிசின் இடத்தை மூன்று சாட்சிகள் நிரப்புகின்றனர். வல்லுநரை இச்சட்டம் மொழி நடைக்குரியவராகக் கருதவில்லை. நிகழ்ந்ததைப் பின்னாளில் எடுத்துரைக்கும் நம்பிக்கைக்குரிய சாட்சியாகவே கருதியது. தாமே எழுத விரும்புவோரை அது தடுக்கவுமில்லை. அவர் கூடுதல் சாட்சிகளைத் தேடவேண்டும் என்றது. திருவெண்ணெய்நல்லூர் அவையோர் கையெழுத்தையும் சாட்சியையும் நாடியதன் உள்ளக் கருத்தும் இதுவே எனலாம்.

1927க்குப் பின்

இந்தியாவில் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் அதன் திருத்தங்களும் நிலையை மாற்றின. 1927 ஜனவரி 1 முதல் இந்துக்கள் எழுதும் உயில்கள், புணே போன்ற நகரங்களிலும், 63ஆம் பிரிவின் வடிவ விதிக்கு உட்பட்டன. எழுதுபவர் கையொப்பமோ அடையாளமோ இடவேண்டும். இருவரேனும் அதனைக் கண்டோ, அவர் ஒப்பியதைக் கேட்டோ, அவர் முன்னிலையில் சாட்சிக் கையொப்பமிட வேண்டும். வாய்மொழி உயிலின் காலம் இந்துக்களுக்கு அத்துடன் முடிந்தது.

இச்சட்டம் எளிய குடிமகனுக்கு இடங்கொடுத்தே செல்கிறது. கலைச்சொற்கள் எவையும் வேண்டா, கருத்து விளங்கும் சொற்கள் போதும் என 74ஆம் பிரிவு கூறுகிறது. முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு செய்தல் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி விருப்பத்திற்குரியது. முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் அச்சட்டம் வழிசெய்கிறது. தமிழிலோ மராத்தியிலோ வெள்ளைத்தாளில் தாமே எழுதிய உயில், இரு சாட்சிகளோடு இருப்பின், சட்டத்தின் முன் நிறைவானதே.

புரோபேட் வகையில் புணேவுக்கும் பம்பாய்க்கும் இருந்த வேறுபாடு நெடுங்காலம் நீடித்தது. 213ஆம் பிரிவின்படி பம்பாய், சென்னை, கல்கத்தா நகரங்களில் எழுதப்பட்ட அல்லது அந்நகரச் சொத்தைப் பற்றிய இந்து உயில்களுக்குப் புரோபேட் கட்டாயமாக இருந்தது. புணேயில் எழுதப்பட்டுப் புணேச் சொத்தையே கூறும் உயிலுக்கு அக்கட்டாயம் இல்லை. 2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அப்பிரிவையே நீக்கியது.

வடிவ விதி எளிதாயினும் மெய்ப்பிக்கும் சுமை எளிதன்று. சாட்சியிட்டோருள் ஒருவரேனும் உயிருடனிருந்தால் அவரை நீதிமன்றத்திற்கு அழைத்தல் வேண்டும் என்பது பழைய சான்றுச் சட்டத்தின் 68ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 67ஆம் பிரிவும் அதுவே. வெங்கடாசல ஐயங்கார் – திம்மஜம்மா வழக்கில் உச்சநீதிமன்றம் ஐயத்திற்குரிய சூழல்களைப் பற்றிக் கூறிய நெறி இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. நடுங்கும் கையொப்பம், தளர்ந்த மனநிலை, இயல்புக்கு மாறான பங்கீடு, உயிலை முன்வைப்பவரே அதனை ஆக்குவதில் முன்னின்று பெரும்பயன் அடைதல் ஆகியவை இருப்பின், முன்வைப்பவரே அவ்வையங்களை நீக்கவேண்டும் என்பது அந்நெறி. அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி பி. பி. கஜேந்திரகட்கர் புணேயில் சட்டம் பயின்றவர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

இவ்வையங்களுள் எதுவும் வழக்கறிஞர் எழுதினாரா இல்லையா என்பதைப் பற்றியதன்று. கட்டணம் கொடுத்து எழுதுவித்த உயிலும், பயனடைபவரே வழக்கறிஞரை அழைத்து வந்தார் என்றால், ஐயத்திற்கு உட்படும். தாமே நலமான காலத்தில் எழுதி, பயன்பெறாத இருவர் சாட்சியிட்ட உயில் அவ்வையத்தைக் கடக்கும்.

இக்காலத்தில் புதியதொரு மயக்கமும் எழுந்துள்ளது. வங்கிக் கணக்கிலும் பங்குகளிலும் வீட்டுவசதிச் சங்கத்திலும் நியமனதாரர் பெயரைக் குறித்துவிட்டால் உயில் தேவையில்லை எனப் பலர் கருதுகின்றனர். 'காலநிர்ணய்' நாட்காட்டியை நிறுவிய ஜெயந்த் சாள்காவ்கரின் உடைமை பற்றிய வழக்கில் 2023 டிசம்பரில் உச்சநீதிமன்றம், கம்பெனிப் பங்குகளில் நியமனதாரர் என்னும் பெயர் உரிமையைத் தருவதில்லை. வாரிசுரிமைச் சட்டமோ உயிலோதான் உரிமையை முடிவுசெய்யும் எனத் தீர்ப்பளித்தது. உயிலும் நியமனமும் ஒருவரையே சுட்டாதபோது பிணக்கு பிறக்கும். தாமே எழுதுவோர் பெரிதும் தவறவிடும் இடம் இது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. எழுதியவர் இல்லாத அவையில் எழுத்தை நம்புவதற்குத் தமிழ் மரபும் பிற்காலச் சட்டமும் கையெழுத்தையும் சாட்சியையுமே நாடின. நடையழகையும் கலைச்சொற்களையும் வேண்டவில்லை.

2. 1897இல் புணேயில் வடிவ விதிகள் மிகக் குறைவு. பாபா மகாராஜைச் சூழ்ந்த சட்ட அறிவு மிக அதிகம். எனினும் அவர் உயில் வழக்குகளுக்கு வித்தாயிற்று. இறக்கும் நாளில் எழுதப்பட்டமையும், மனைவியின் உரிமைக்கும் நிறைவேற்றுநரின் இசைவுக்கும் முரண் நேர்ந்தால் வழி கூறாமையும் அதற்குக் காரணங்கள்.

3. வாழ்க்கைத் துணை, மக்கள், ஒரு வீடு, சில சேமிப்பு என்னும் அளவில் அமைந்த எளிய உயிலைத் தாமே எழுதுதல் போதுமானது. பயன்பெறாத, வயதில் இளைய இரு சாட்சிகளும், எழுதிய நாளின் குறிப்பும், நியமனங்களோடு ஒத்த பங்கீடும் அதற்கு அரண்கள்.

4. தத்து, இரண்டாம் திருமணம், வயதடையா மக்கள், கூட்டுச் சொத்து, அறக்கட்டளை, ஒருவர் உரிமையை மற்றொருவர் இசைவுக்கு உட்படுத்தல் ஆகியன வரும் இடத்தில் சட்டம் அறிந்தவரின் துணை தவிர்க்கவியலாதது. ஆங்கும் அவரிடம் பெறவேண்டியது எழுத்தன்று. 'இவ்வாறு நிகழ்ந்தால் என் செய்வது' என்னும் வினாக்களே.

5. நிறைவேற்றுநரைத் தேர்தல் உயிலின் சொற்களுக்கு நிகரான பொறுப்பு. பாபா மகாராஜ் தம் நண்பர்மீது கொண்ட நம்பிக்கை பிழையாகவில்லை. ஆயினும் அந்நண்பரின் பொதுவாழ்வு அவரை இருமுறை சிறைக்கு அனுப்பியது. அக்காலங்களில் குடும்பத்திற்கு அவர் அருகில் இல்லை.

தாமே எழுதுவதா, எழுதுவிப்பதா என்னும் வினாவுக்கு முன்னதாக எப்போது எழுதுவது என்னும் வினா நிற்கிறது. நலமாக இருக்கும் நாளில் எழுதியவர்க்கு, அத்தாளைப் பிறரிடம் காட்டிக் கேட்கவும், ஐயம் எழுந்தால் திருத்தவும், மனம் மாறினால் வேறொன்று எழுதவும் வாய்ப்புண்டு. பாபா மகாராஜுக்கு ஒரு நாளே இருந்தது. அவ்வொரு நாளில் எழுதப்பட்ட தொடரின் பொருளை அறிய அவர் குடும்பம் 1915 வரை காத்திருந்தது.